பஸ்ஸுக்குக் காட்டும் முகம்

ஒரு கால் படியில், மறு கால் இன்னும் தார் ரோட்டில். அந்த நிலையிலேயே சென்னியப்பன் கண்டக்டரிடம் விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்.

"எடப்பக்கம் சன்னலோரம் காலியா இருக்குதுங்களா?"

"ஒரு ஸ்டாப்புக்கு எதுக்கு மேஸ்திரி சன்னலு? கம்பியப் புடிச்சுட்டு நில்லுங்க."

"நின்னா நெத்தி தெரியாதப்பா. குந்துனாத்தான் தெரியும்."

யாராவது ஒரு அம்மாள் கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அவருக்கு இடம் விடுகிறாள். கஞ்சிக்கோட்டைத் தாண்டி வாளையாரை நோக்கிப் பஸ் வேகம் பிடிக்கிறது. இடதுபுறம் ஒரு மாவு மில் வருகிறது, அதன் முன்னால் பாதி எழும்பிய ஒரு சுவர். சென்னியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்க்கிறார். மில் பின்னால் போனதும் மூச்சை விடுகிறார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்து, சாரத்தின் மேல் நிற்கும் ஆட்களைப் பார்த்துச் சத்தம் போடுகிறார்: "மூக்கு பத்தலடா! இன்னும் ஒரு சாண் தூக்கு!"

இதுதான் அவருடைய அளவுகோல். நடந்து போகிறவர்களின் அபிப்பிராயத்தை அவர் மதிப்பதே இல்லை. "நடக்கறவன் பாத்துட்டேதான் போறான், அவனுக்கென்ன அவசரம்? பஸ்ஸுல போறவனுக்கு ஒரு மூச்சு நேரமுங்க. அந்த ஒரு மூச்சுக்குள்ள ஊடு அவன் கையப் புடிச்சு இழுக்கோணும்."

சென்னியப்பன் வீடு கட்டுவதில்லை. முகப்பு மட்டும் கட்டுகிறார். வீட்டை முன்பே யாராவது எப்படியாவது கட்டி வைத்திருப்பார்கள். ஓட்டு வீடாக இருக்கும், தகரக் கொட்டகையாக இருக்கும், ஒரு சைக்கிள் கடைக்கு வெறும் ஓலைச் சார்ப்புதான். அதன் முன்னால், அதைப்போல இரண்டு மடங்கு உயரத்துக்குச் செங்கல்லும் சிமெண்டுமாக ஒரு முகத்தை நிறுத்திவிட்டுப் போவது அவர் தொழில். பக்கவாட்டில் நின்று பார்த்தால் சீட்டுக்கட்டில் ஒரு சீட்டை நிமிர்த்தி வைத்தது போல இருக்கும். பின்னால் முட்டுக் கொடுத்த கல்லில் ஆடு கட்டியிருக்கும். கஞ்சிக்கோட்டில் ஃபாக்டரிகள் வந்து, சாலையோரத்து ஆட்களின் கையில் சம்பளம் புரள ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு ஓய்வில்லை.

உறுப்புகளுக்கெல்லாம் அவரே பெயர் வைத்திருக்கிறார். வரிவரியாகக் குடைந்த உருண்டைத் தூண், 'பேங்க் தூணு'. நடுவில் கூம்பி எழுவது, 'சர்ச் மூக்கு'. கடைப் பெயர் எழுதுவதற்காக வளைந்து முன்தள்ளும் பட்டை, 'பஸ் நெத்தி'. சல்லடைச் சன்னலும் அதன் கீழே குமிழ் மாதிரி இரண்டு வட்டமும் வைத்தால் 'ரேடியோ மொகம்'. கோயில், பள்ளிவாசல், சினிமாக் கொட்டகை, தீப்பெட்டி லேபிள், எங்கிருந்து வேண்டுமானாலும் எடுப்பார், எதன் பக்கத்தில் வேண்டுமானாலும் வைப்பார்.

கஞ்சிக்கோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சைனுதீனுக்கு நான்கு பேங்க் தூண்களும், மேலே திரைச்சீலை செதுக்கிய மூன்று மாடிச் சன்னல்களும் வைத்துக் கொடுத்தார். பின்னால் மாடி கிடையாது, தகரம்தான். ஃபாக்டரிக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் மாடி போர்ஷன் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டு வருகிறார்களாம். "நான் என்ன சொல்ல, தம்பி?" என்றார் சைனுதீன் என்னிடம். "போன வாரம் வந்தவரு காலி ஆகும்போது சொல்லுங்க பாய்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

அடக்கம் என்பது சென்னியப்பனிடம் கிடையாது. "கோயமுத்தூரு வரைக்கும் கேட்டுப் பாருங்க. மொகப்புன்னா சென்னியப்பன்." கோயம்புத்தூரில் நான் கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. தூக்குக்குண்டு பிடிப்பதிலும் அவருக்கு நம்பிக்கை குறைவு. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, "நேராத்தான் இருக்குது, பனமரந்தான் சாஞ்சிருக்குது" என்பார். ஒரு முகப்பு காற்றில் குப்புற விழுந்திருக்கிறது. அதை அவர் மறைப்பதில்லை. "உழுந்துச்சுங்க. ஒருக்காத்தான். எருமை தப்பிச்சிருச்சு." பாலக்காட்டுக் கணவாய்க்குள் தை மாதம் அடிக்கிற காற்று எருமையையே தள்ளிவிடும். அன்றிலிருந்து ஒவ்வொரு முகப்பிலும் காற்று போக ஓட்டை விடுகிறார். கடைக்காரர் இஷ்டத்தைப் பொறுத்து அது பிறையாகவோ சூரியனாகவோ தாமரையாகவோ இருக்கும்.

இடது மணிக்கட்டில் தங்க நிறத்தில் ஒரு பெரிய கடிகாரம் கட்டியிருக்கிறார். கல்யாணத்துக்கு மாமனார் போட்டது. அது ஓடி வெகுகாலம் ஆகிறது, முட்கள் பத்தே காலில் நிற்கின்றன. ஆனாலும் வேலைக்கு யாராவது தாமதமாக வந்தால் கையை நீட்டி அதைத்தான் காட்டித் திட்டுகிறார். திட்டு வாங்குகிறவர்களும் எட்டிப் பார்த்துவிட்டுத் தலை குனிகிறார்கள்.

அவருடைய சொந்த வீட்டுக்கு முகப்பு இல்லை. காரணம் கேட்டேன். "எதுக்குங்க? எங்கூட்டு முன்னால பஸ் போறதில்லியே" என்றார்.

இந்த மனிதரைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர்க்காரர்கள் அவரைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது கண்டுபிடிப்பில் சேராது அல்லவா?

லண்டனில் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வரைபடம் போடுவது என் வேலை. தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடித்த படிப்பு என்பதால் இரண்டு மொழியிலும் தயங்கத் தெரியும். ஆங்கிலத்தில் தயங்கச் சம்பளம் தருகிறார்கள். பல வருஷங்களாக அங்கே ஒரே வேதம்: அலங்காரம் கூடாது. பூ, கொடி, தேவையில்லாத தூண் எதுவும் ஆகாது. என் மேசையில் பென்சிலைவிட ரப்பர்தான் சீக்கிரம் தேயும். போன வருஷம் எங்கள் முதலாளி அமெரிக்கா போய் வந்தார். வந்ததும் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்: இனிமேல் தூண் வைக்கலாம். அது எதையும் தாங்க வேண்டியதில்லை, தூண் என்று தெரிந்தால் போதும். பழையதையும் புதியதையும் கலக்கலாம். கட்டடம் பேசலாம், சிரிக்கவும் சிரிக்கலாம். இதற்கு ஒரு பெயரும் கொண்டுவந்திருந்தார். தமிழில் 'நவீனத்துக்குப் பிந்தியது' என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய பாணி வராதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்பதையும் மரியாதையாகச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

அந்தக் கவலையோடு மார்கழிக் கடைசியில் லீவில் வந்தேன். கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் சட்டைப்பையில் இருக்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சன்னல் வழியாக வெளியே பார்த்தால், ஒரு புண்ணாக்குக் கடைக்கு முன்னால் எதையும் தாங்காத இரண்டு பேங்க் தூண்கள்! முதலாளி விமானச் செலவு செய்து பார்த்துவிட்டு வந்தது இங்கே தவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

அடுத்த நாளே காமிராவோடு கிளம்பிவிட்டேன். படங்களை ஸ்லைடாகப் போட்டு முதலாளிக்குக் காட்டினால் என் நாற்காலி தப்பும் என்று கணக்கு. சென்னியப்பனைத் தேடிப் பிடித்து, அவர் செய்கிற காரியத்துக்குச் சீமையில் தனிப் பெயரே இருக்கிறது என்று சொல்லி, அந்தப் பெயரை ஆங்கிலத்தில் உச்சரித்தும் காட்டினேன். அவர் உதட்டை அசைத்துப் பார்த்தார்.

"நெம்ப நீளமா இருக்குதுங்களே. பஸ் நெத்தியில புடிக்காது."

இனி எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாருக்கும் நடுவில், சாலையை ஒட்டி, என் அக்கா ராமாத்தாளும் மச்சானும் குடியிருக்கும் வீடு. சில வருஷம் முன்பு நானே வரைந்து லண்டனிலிருந்து தபாலில் அனுப்பிய வீடு. வெள்ளைப் பெட்டி, தட்டைக் கூரை. சாலையைப் பார்த்த சுவரில் சமையலறைக்கு ஒரே ஒரு நீளமான கிடைச் சன்னல். வாசலுக்குக் கேட் கூடக் கிடையாது, குறுக்கே தூக்கி இறக்க ஒரு இரும்புக் குழாய் மட்டும். எளிமை! அந்தப் படத்துக்கு லண்டன் நண்பர்கள் கைகுலுக்கினார்கள்.

கோயம்புத்தூர்ப் பக்கம் போகும் லாரிக்காரர்கள் கைகுலுக்கவில்லை. வாளையார் எல்லைச் சோதனைச்சாவடி இன்னும் தூரத்தில் இருக்கிறது என்பது தெரியாத புது டிரைவர்கள், வெள்ளைக் கட்டடத்தையும் குறுக்குக் குழாயையும் நீளச் சன்னலையும் பார்த்ததும் பிரேக் போட்டுவிடுவார்கள். அக்கா குழம்பு தாளிக்கும்போது சன்னல் வழியாக ஒரு கை காகிதத்தை நீட்டும். "ஏனுங், சீலு!" சீல் இங்கே இல்லை என்றால், "சாரு எப்ப வருவாருங்க?" என்று கேள்வி வரும். ஒரு டிரைவர் ஆபீசருக்காக வாசலில் துண்டை விரித்துப் படுத்தே விட்டார். ஃபாக்டரியிலிருந்து காக்கிச் சட்டையோடு மச்சான் திரும்பி வரவும், எழுந்து நின்று சலாம் வைத்தார். களைத்துப் போயிருந்த மச்சானும் பதில் சலாம் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

நான் வந்து இறங்கிய அன்று நடையில் ஒரு தகரப்பெட்டி கயிறு கட்டி நின்றது. துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கட்டியிருந்தாள் அக்கா. ஈரத்துணியெல்லாம் வேலிமேல் கிடந்தன.

"ஒறம்பரை, சொந்தபந்தம்னு எங்கியாச்சும் போறயாக்கா?"

"ஃபாக்டரி கோட்டர்ஸுக்குப் போறோம். உங்க மச்சான் எழுதிக் குடுத்தாச்சு. இந்த லீவு முடியறதுக்குள்ள இதுக்கு ஒரு மொகம் வெச்சுக் குடுத்தயின்னா இருக்கறேன். இல்லீன்னா பூட்டிச் சாவிய உங்கையில குடுத்துருவேன். லண்டனுக்கே கொண்டுட்டுப் போ."

"கோட்டர்ஸுல எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும், அக்கா."

"இருக்கட்டும். ஆரும் காயிதத்த நீட்டமாட்டாங்கல்ல?"

லண்டன் நாற்காலி ஆடிக்கொண்டிருக்கும்போது, திரும்பி வந்தால் உள்ளிருந்து திறந்துவிட ஆள் உள்ள கதவு அது ஒன்றுதான். அக்கா போய்விட்டால் நான் ஒரு சோதனைச்சாவடிக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

சென்னியப்பனை அக்காதான் வரச்சொன்னாள். காகிதத்தில் படம் போடும் வழக்கம் அவருக்கு இல்லை. ஒரு வாளி தண்ணீரும் கந்தல் துணியும் கேட்டார். வண்டி வராத நேரம் பார்த்து, துணியைத் தண்ணீரில் முக்கித் தார் ரோட்டின் மேல் எங்கள் முகப்பை முழு அளவில் இழுக்கத் தொடங்கினார். கறுப்பில் கறுப்பாக ஈரம் மின்னியது. மேலே வெயில், குறுக்கே காற்று. கீழ்க்கோட்டை முடிப்பதற்குள் மேல்கோடு காய ஆரம்பிக்கும். வாடிக்கையாளர்கள் அதற்குள் முடிவு சொல்லிவிட வேண்டும்.

"காயறதுக்குள்ள சொல்லீருங்க. ரெண்டு பக்கம் பேங்க் தூணு. இது பஸ் நெத்தி. இது சர்ச் மூக்கு. மூக்குக்கு மேல..." என்று ஒரு பெரிய வட்டம் போட்டார்.

"அது என்னங்க?"

"மணிக்கூண்டுங்க. லண்டன்னா மணிக்கூண்டுதானுங்களே? தீப்பெட்டியில பாத்திருக்கறன். காத்தோட்டமும் அதுலயே உட்டர்லாம்."

எனக்கு முகம் சிவந்திருக்க வேண்டும். தூணை மட்டும் வைக்கலாமே, மூக்கு இல்லாமல் இருந்தால் என்ன, சுவரின் வெள்ளையை அப்படியே விட்டால் ஒரு அமைதி இருக்குமே என்று ஒவ்வொன்றாக இழுத்தேன். ரப்பரைப் பிடித்துப் பழகிய கை. சென்னியப்பன் பொறுமையாக என்னைப் பார்த்தார். ரோட்டில் இடது பேங்க் தூண் காய்ந்து மறைந்துகொண்டிருந்தது.

அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏன்டா, நாலு நாளா காமிராவத் தூக்கிட்டு இவரு கட்டுன செவத்தையெல்லாம் படம் புடிச்சயே? சோத்துக்குக் கூட வராம, ஆகா ஓகோன்னு? ஊரான் ஊட்டுல நின்னா கலை, நம்மூட்டுல நின்னா அசிங்கமா?"

"அப்படி இல்லக்கா..."

"பின்ன எப்பிடி?"

நான் குனிந்து ரோட்டைப் பார்த்தேன். வலது தூணும் போய்விட்டது. வட்டம் மட்டும் மிச்சம் இருந்தது.

சென்னியப்பன் தமது வழக்கமான கேள்வியைக் கேட்டார். எந்த வேலையையும் ஒப்புக்கொள்ளும் முன் அதைக் கேட்பாராம். "உங்கூட்டப் பாத்து ஆரு என்ன நெனைக்கோணுமுங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "ஆபீசுன்னு நெனைக்கப்படாது. வேற என்னத்த வேணுமின்னாலும் நெனைச்சுக்கட்டும்."

"அப்ப மணிக்கூண்டு இருக்கட்டுங்களா?"

"இருக்கட்டும்."

"மணி எத்தனை வெக்கறதுங்க? சிமெண்டு முள்ளு, பொறவு திருப்ப முடியாது."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "நாலு வெயிங்க. நாலு மணிக்குத்தான் எனக்கு ஒரு சோலியும் இருக்காது. எப்பவும் நாலாவே இருக்கட்டும்."

வேலை தொடங்கிற்று. நான் தினமும் சாரத்தின் கீழே நின்று, இது விழுந்துவிடாதே என்று கேட்டேன். "எருமையே தப்பிச்சிருச்சுங்க" என்று அவர் தினமும் தைரியம் சொன்னார். குழாயைக் கழற்றிவிட்டு இரட்டைக் கதவு கேட் மாட்டினார்கள். சமையலறைச் சன்னலுக்கு மேலே பஸ் நெற்றி வளைந்து வந்தது. மணிக்கூண்டின் நடுவில் விட்ட ஓட்டை வழியாகக் காற்று போகும்போது மெல்லிய விசில் கேட்டது. நான் காமிராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சைனுதீன் கடையைப் பலவிதமாகப் படம் எடுத்தவன், எங்கள் வீட்டை ஒரு படம்கூட எடுக்கவில்லை. லண்டனில் யாராவது பார்த்துவிட்டால்?

தகரப்பெட்டி மட்டும் கட்டிய கயிற்றோடு நடையிலேயே இருந்தது. "லாரி வரட்டும், பாக்கலாம்" என்றாள் அக்கா. கயிற்றை அவிழ்க்கவில்லை.

சுண்ணாம்பு அடித்து முடித்த மறுநாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சென்னியப்பன் என்னைக் கஞ்சிக்கோடு ஸ்டாப்புக்கு அழைத்துப் போனார். "உங்கூட்ட நீங்க ஒருக்கா பஸ்ஸுல போயிப் பாக்கோணுமுங்க." பஸ்ஸில் இடதுபுறம் ஒரே ஒரு சன்னலோரம் காலியாக இருந்தது. அதை அவர் எனக்குத் தரவில்லை. அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.

பனைமரங்கள் பின்னால் போயின. புண்ணாக்குக் கடை போயிற்று. தூரத்தில் மூக்கும் வட்டமும் தெரிந்தபோது எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த லாரி வேகம் குறைந்தது. பிறகு வீட்டின் முன்னால் நின்றே விட்டது. பின்னாலேயே பஸ்ஸும் நின்றது. லாரி டிரைவர் கதவைத் திறந்து குதித்தார். கையில் காகிதக் கட்டு.

"முடிஞ்சுது" என்றேன். தகரப்பெட்டியும் சாவியும் கண்முன் வந்தன.

சென்னியப்பன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

டிரைவர் லாரியைச் சுற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். நிமிர்ந்து பார்த்தார். இடது தூணிலிருந்து வலது தூண் வரைக்கும் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், மணிக்கூண்டைப் பார்த்தார். தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அதைக் காதில் வைத்து உலுக்கினார். ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிச் சிவந்த கண்கள். காகிதக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சமையலறைச் சன்னலில் தெரிந்த அக்காவிடம் கேட்டார்:

"ஏனுங்க்கா, மணி நாலாயிருச்சுங்களா?"

அப்போது இரண்டு கூட ஆகியிருக்காது. அக்கா கரண்டியும் கையுமாக, கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள்: "ஆமாங்க. நாலு."

"அய்யோ, சாவடியில கூட்டம் சேந்துருமே!" என்று அவர் ஓட்டமாக ஓடி லாரியில் ஏறினார்.

லாரி நகர்ந்தது. ஆனால் பஸ் உடனே நகரவில்லை. முன்சீட்டில் யாரோ ஒருவர் தம் கடிகாரச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். கண்டக்டர் அவரிடம், "அது சிமெண்டு சார்!" என்று சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் விசில் கொடுத்தார். அந்த நேரத்தில் அக்கா நடையிலிருந்து வெளியே வந்தாள். கையில் தகரப்பெட்டியின் கயிறு. ஒரு முனையை முருங்கை மரத்தில் கட்டி, மறு முனையை இழுத்துக்கொண்டு வந்து, எதையும் தாங்காத பேங்க் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். வேலிமேல் கிடந்த நீலச் சேலையை எடுத்து அதில் விரித்தாள்.

புதுச் சுண்ணாம்பின் மேல் கொடிக்கயிறு! மேஸ்திரி கத்தப்போகிறார் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். தூண், சேலை, நெற்றி, மூக்கு, வட்டம், எல்லாம் சன்னலைக் கடந்து பின்னால் போயின. அப்புறமும் அவர் மூச்சை விடவில்லை. இடது கையை மடியில் வைத்து, வலது கையின் சிமெண்டு படிந்த நகத்தால் அந்தத் தங்க நிறக் கடிகாரத்தின் சாவியை மெல்ல வெளியே இழுத்தார். பத்தே காலில் கிடந்த முட்களைத் திருப்பித் திருப்பி நாலு மணிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, துண்டின் நுனியால் கண்ணாடியைத் துடைத்தார்.